கருவி இல்லாமல் ஸ்டார்ட் பண்ணலாம், விளங்காமல் ஏலாது

விடுமுறைக்கு ஊருக்கு வருகின்ற வாப்பாமாரின் பெட்டிகளில் எப்போதாவது ஒரு நைட்ரோ காரும் வந்து சேர்கிறது. சார்ஜ் போட்டு ஓட்டுகின்ற சாதாரண ரிமோட் கார் அல்ல இது. 2.5 சிசி அளவில் உண்மையான எஞ்சின் வைத்த, புகை விடுகின்ற, தெரு முழுக்கக் கேட்கச் சத்தம் போடுகின்ற சாமான். கட்டாரிலோ டுபாயிலோ யாரோ பாவித்துவிட்டு மலிவாகக் கொடுத்ததாக இருக்கும். பிள்ளைக்கு அன்று இரவு நித்திரை இல்லை.

அடுத்த நாள்தான் பிரச்சினை தொடங்குகிறது. கார் வந்திருக்கிறது, ஸ்டார்ட் பண்ணும் கருவி வரவில்லை. பிளக்கைச் சூடாக்கும் இக்னைட்டர் தனியாக வாங்க வேண்டிய பொருள். சில மாடல்களுக்கு எஞ்சினைச் சுற்றும் மோட்டாரும் தனி. எரிபொருள் தீப்பற்றக்கூடியது, அதனால் விமானத்தில் அதைக் கொண்டுவரவே முடியாது. இப்போது வீட்டில் இரண்டு கருத்து எழும். ஒன்று, “கருவி இல்லாட்டி அலுமாரிக்கு மேல வைங்க.” மற்றது, “மோட்டார் சைக்கிள் பெட்டரியில ரெண்டு வயர் எடுத்துத் தட்டினா சரி.”

இரண்டுமே பிழை என்பதுதான் எங்கள் கருத்து. பாடசாலையில் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்கும்போது நாங்கள் சொல்வதைப் பெற்றோருக்காகவும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். பேச்சு காரில் தொடங்கினாலும் காரோடு முடிவதில்லை.

முதலில் ஒரு அடிப்படை. எந்தக் கருவிக்கும் இரண்டு வேலை உண்டு. ஒன்று, அது செய்கின்ற வேலை. மற்றது, அது கொடுக்கின்ற பாதுகாப்பு. கருவி இல்லாதபோது நம்மவர்கள் முதல் வேலைக்கு மாற்று வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். இரண்டாவது வேலை ஒன்று இருந்ததே என்பது நினைவுக்கு வருவதில்லை. விரல் போவதும் கண் போவதும் அந்த இடத்தில்தான்.

சரி, எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

மோட்டார் சைக்கிளில் இருப்பது ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு சுற்றுக்கும் மின்பொறி அடிக்கும். நைட்ரோ காரில் பொறி இல்லை. அதில் இருப்பது குளோ பிளக். உள்ளே பிளாற்றினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். தொடக்கத்தில் மட்டும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து அதைச் சிவக்கச் செய்ய வேண்டும். எரிபொருளில் பெரும்பகுதி மெதனோல், அதோடு நைட்ரோமீதேனும் எண்ணெயும். மெதனோல் ஆவி சூடான பிளாற்றினத்தில் படும்போது பிளாற்றினம் ஊக்கியாகத் தொழிற்பட்டு வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பமும் எரிதலின் வெப்பமும் சேர்ந்து சுருளைச் சிவந்தபடியே வைத்திருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்சாரத்தைக் கழற்றிவிடலாம். பெட்ரோல் ஊற்றினால் இந்த வேலை நடக்காது. அதில் எண்ணெயும் இல்லை என்பதால் எஞ்சின்தான் தேயும்.

உயர் தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் ஊக்கி என்றால் என்ன என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். சூடான பிளாற்றினக் கம்பி வாயுவும் காற்றும் கலந்த கலவையில் சுவாலை இல்லாமலே தொடர்ந்து சிவந்து நிற்பதை ஹம்ப்ரி டேவி 1817 இல் கண்டார். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரே ஆர்டன் இதே தத்துவத்தில் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் மாதிரி விமானங்கள் பறக்கும்போது பெட்டரி, சுருள், கண்டென்சர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பறக்க வேண்டியிருந்தது. குளோ பிளக் வந்த பிறகு பெட்டரியைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பறந்தார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி அந்தச் சிறிய பிளக்குக்குள் சிவந்து எரிகிறது.

இனி இக்னைட்டர் விடயம். அது செய்கின்ற வேலை மிகவும் எளிது. சுமார் 1.2 முதல் 1.5 வோல்ட், ஏறத்தாழ 3 அம்பியர். அவ்வளவுதான். 12 வோல்ட் பெட்டரியில் தட்டினால் சுருள் ஒரு கணத்தில் கருகிவிடும். போன் சார்ஜரின் 5 வோல்ட்டும் அப்படித்தான். போனுக்குள் இருக்கும் லித்தியம் பெட்டரியும் 3.7 வோல்ட், அதுவும் கூடாது. சின்ன டோர்ச் பெட்டரியில் வோல்ட் சரி, ஆனால் இவ்வளவு கரண்டை அது தாங்கிப் பிடிக்காது.

பெரிய டோர்ச்சுக்குப் போடுகின்ற தடித்த அல்கலைன் பெட்டரி ஒன்று, 1.5 வோல்ட், இந்த வேலையைச் செய்யும். தடித்த, கட்டையான இரண்டு வயர். ஒன்று பிளக்கின் உச்சிக்கு, மற்றது எஞ்சின் தலையின் உலோகத்துக்கு. கூட்டல் கழித்தல் எப்படி வந்தாலும் பிரச்சினை இல்லை. முதலில் பிளக்கைக் கழற்றி, குறட்டில் பிடித்து, சுருள் பளிச்சென்று சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவக்காவிட்டால் பெட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது பிளக் போய்விட்டது. சுருள் இருட்டாக இருக்கும்போது நூறு முறை கயிறு இழுத்தாலும் கைதான் வலிக்கும்.

இது முதல் வேலை. இரண்டாவது வேலை என்ன? உண்மையான இக்னைட்டர் பிளக்கின் மேல் பூட்டிக்கொண்டு நிற்கும். கை விட்டாலும் விழாது. கழற்றும்போதும் கை எஞ்சினுக்கு மேலே தள்ளியே இருக்கும். விரலால் அழுத்திப் பிடித்த வயருக்கு அந்தக் குணம் இல்லை. எஞ்சின் பிடித்ததும் அது அதிரும், வயர் நழுவும், பக்கத்தில் சுற்றுகின்ற ஃபிளைவீலில் சிக்கும். இந்தச் சின்ன எஞ்சின்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டக்கூடியவை. ஆகவே வயர் முனையில் கிளிப் ஒன்றை ஈயம் வைத்துப் பொருத்த வேண்டும். வயரை ஃபிளைவீல் இல்லாத பக்கமாகக் கொண்டுவந்து கட்ட வேண்டும். வேலை இல்லாதபோது இரண்டு முனையும் ஒன்றோடொன்று முட்டாமல் பிரித்து வைக்க வேண்டும். முட்டினால் பெட்டரி கொதிக்கும். இவ்வளவும் செய்தால்தான் இக்னைட்டருக்கு மாற்று கிடைத்தது என்று சொல்லலாம்.

அடுத்தது எஞ்சினைச் சுற்றுவது.

“சேர், தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாதா?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நல்ல கேள்வி. மோட்டார் சைக்கிளைக் கியரில் போட்டுத் தள்ளினால் பிடிக்கிறதே, இது ஏன் பிடிக்காது? மோட்டார் சைக்கிளில் கிளச்சை விட்டதும் சில்லும் எஞ்சினும் ஒன்றாக இணைந்துவிடும். நைட்ரோ காரில் இருப்பது மையநீக்க விசையில் வேலை செய்கின்ற கிளச். எஞ்சின் வேகமெடுத்த பிறகுதான் அதன் கட்டைகள் விரிந்து வெளிச் சட்டியைப் பிடிக்கும். எஞ்சின் நிற்கும்போது சில்லை எவ்வளவு உருட்டினாலும் சட்டி மட்டும் சும்மா சுற்றும், எஞ்சின் அசையாது. இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு பாடவேளை முழுக்கப் பாடம் நடத்தலாம்.

“சரி, தண்ணி மெஷினுக்குப் போல கயிறு சுற்றி இழுப்போமே?” இது அடுத்தது. வயல்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. தண்ணீர் பம்பியின் ரீகொயில் உடைந்தால் மூடியைக் கழற்றிவிட்டுப் புலியில் கயிறு சுற்றி இழுப்பார்கள். அந்தப் புலியில் கயிற்றின் முடிச்சு மாட்டுவதற்கு வெட்டு இருக்கும். எஞ்சின் பிடித்ததும் கயிறு தானாகக் கழன்று வரும். நைட்ரோ காரின் ஃபிளைவீலில் அப்படி எதுவும் இல்லை. கயிறு கழறாவிட்டால் அது சாட்டையாகும். எங்கள் கருத்தில் இந்த வழிக்குப் பாதுகாப்பான வடிவம் கிடையாது. விட்டுவிட வேண்டும்.

பின்பக்கம் தண்டு செருகிச் சுற்றும் மாடல் என்றால், அந்தத் துளைக்குச் சரியாகப் பொருந்தும் தண்டைப் பெட்டரி டிரில்லில் மாட்டிச் சுற்றலாம். பின்னாலிருந்து பார்க்கும்போது எஞ்சின் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும். திருகாணி இறுக்கும்போது டிரில் சுற்றுகின்ற அதே பக்கம். மெதுவான வேகம் போதும். டிரில்லின் கழுத்தில் இலக்கம் போட்ட வளையம் இருக்கிறதல்லவா, அதைச் சிறிய இலக்கத்தில் வைக்க வேண்டும். ஏதாவது இறுகினால் டிரில் ‘கடகட’வென்று வழுக்கிவிடும், எஞ்சின் தப்பும். அந்த வளையம்தான் இங்கே இரண்டாவது வேலையைச் செய்கிறது. காரை ஒரு கட்டையின் மேல் வைத்து நான்கு சில்லும் நிலத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் காரைப் பிடிக்க, மற்றவர் டிரில் பிடிக்க. தனியாகச் செய்யக் கூடாது.

கயிறு இழுக்கும் மாடல் என்றால் இழுப்பு ஒரு சாணளவுக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். முழுக் கயிற்றையும் இழுத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் போய்விடும். புது எஞ்சின், குளிர்ந்த நிலையில், பிஸ்டன் மேலே வரும் இடத்தில் இறுக்கமாகத்தான் இருக்கும். சூடானதும் சரியாக இருக்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அது பழுது அல்ல.

ஆனால் கயிறு திடீரென்று கல்லாகி நின்றால் அது வேறு விடயம். சிலிண்டருக்குள் எரிபொருள் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க ஏலாது. அப்போது பலத்தைக் காட்டினால் கயிறு அறும், அல்லது உள்ளே இருக்கும் தண்டு வளையும். பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, துணியால் மூடி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நாலைந்து முறை இழுத்தால் எரிபொருள் வெளியே வந்துவிடும். அந்த நேரம் பெட்டரி வயர் பக்கத்தில் இருக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: இதை எப்படி நிறுத்துவது? ஸ்டார்ட் பண்ண வழி தேடும் பத்துப் பேரில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? இந்த எஞ்சினுக்குச் சாவி இல்லை. எரிபொருள் குழாயை நசுக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது காற்று போகும் வாயை அடைக்க வேண்டும். அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்பதை எஞ்சின் ஓடாதபோதே தொட்டுப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ரிமோட்டை முதலில் போட்டுவிட்டுத்தான் காரின் சுவிட்சைப் போட வேண்டும். நிறுத்தும்போது காரை முதலில், ரிமோட்டைக் கடைசியில். பெட்டரி இறங்கிய ரிமோட்டோடு ஓட விட்டால் கார் யார் சொல்லும் கேட்காது. சின்னப் பிள்ளைகள் நிற்கின்ற ஒழுங்கையில் அது விளையாட்டுச் சாமான் அல்ல.

இனி நாங்கள் அதிகம் பயப்படுகின்ற விடயம். அது எரிபொருள்.

மெதனோல் நஞ்சு. உடம்புக்குள் போனால் அது போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். கொஞ்சம் குடித்தாலே பார்வை போகலாம், உயிரும் போகலாம். நைட்ரோ எரிபொருளுக்குப் பெரும்பாலும் சிவப்பு, நீலம் என்று சாயம் போட்டிருப்பார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்ப் போத்தலிலும் சோடாப் போத்தலிலும் ஊற்றி நண்பர்கள் பங்கிட்டுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். சிவப்பு நிறத் திரவம், சோடாப் போத்தலில், நோன்பு திறக்கும் நேரத்துச் சர்பத் போலவே குசினி மேசையில். மூன்று வயதுத் தங்கச்சிக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

எரிபொருளுக்கென்று செய்த கேனுக்கும் இரண்டு வேலை. ஒன்று, திரவத்தைப் பிடித்து வைப்பது. மற்றது, இது குடிக்கும் பொருள் அல்ல என்று எல்லோருக்கும் சொல்வது. சோடாப் போத்தல் முதல் வேலையை மட்டும் செய்யும். ஆகவே கேனை மாற்றாதீர்கள், பூட்டி வையுங்கள். தவறி ஒரு பிள்ளை குடித்துவிட்டால் பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மெதனோலின் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் வெளியே தெரியலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், கேனையும் கையோடு எடுத்துப்போங்கள்.

இன்னொன்று. மெதனோல் எரியும் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே கடினம். எரியவில்லை என்று நினைத்துக் கை வைத்தவர்களுக்குத்தான் சுடும். எஞ்சினை வெட்டவெளியில்தான் ஓட்ட வேண்டும். அறைக்குள், மூடிய கராஜுக்குள் கூடவே கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெரியவர் ஒருவரும் நிற்கட்டும்.

இப்போது காரை ஓரமாக வைத்துவிட்டு ஊரைப் பார்ப்போம்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து வயர் கொடுத்த வீடுகள் நம்மிடையே இல்லையா? வீட்டுக்குக் கரண்ட் வருகிறது, முதல் வேலை நடக்கிறது. ஆளைக் காப்பாற்றும் வேலை போய்விட்டது. பியூஸ் கம்பி இல்லை என்று செப்புக் கம்பியை முறுக்கிப் போடுகிறோம். லைட் எரியும். ஆனால் உருக வேண்டிய நேரத்தில் அது உருகாது, சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும். மூடி கழற்றிய தண்ணீர் பம்பி நன்றாகவே ஓடுகிறது. மூடி இருந்த இடத்தில் இப்போது சாரனும் ஷாலும் மாட்டிக்கொள்ளக் காத்திருக்கும் ஒரு புலி சுற்றுகிறது. “வேலை நடக்குதுதானே” என்பது நம் ஊரின் பெரிய சான்றிதழ். வேலை நடக்கிறது என்பது பாதி உண்மை மட்டுமே.

கருவி இல்லாமல் சமாளிக்கும் திறமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அந்தத் திறமைதான் எத்தனையோ குடும்பங்களை ஓட்டியது. கராஜ் பாஸ்மார் இல்லாத பாகத்துக்குப் பாகம் செய்து வண்டிகளை ஓட வைத்தார்கள். அது மதிக்க வேண்டிய அறிவு. அந்த அறிவோடு, “இந்தச் சாமான் எதைத் தடுக்க இருந்தது?” என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துவிட்டால் அது பொறியியலாகிவிடும் என்பதுதான் எங்கள் வாதம்.

பாடசாலைக்கும் இதே கதைதான். 2013 இல் உயர் தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. பல இடங்களில் இன்றும் ஆசிரியர்களாகிய நாம் முதலில் சொல்லும் வசனம் “சாமான் இல்லை.” சாமான் வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு டோர்ச் பெட்டரி, இரண்டு வயர், ஒரு குளோ பிளக். இதில் அழுத்தம், ஓட்டம், தடை, ஊக்கி, வெப்பம் எல்லாம் இருக்கிறது. ஏன் 1.5, ஏன் 12 கூடாது என்று ஒரு பிள்ளை தானாகச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை ஓமின் விதியை இனி மறக்காது. கணிதத்தில் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளைதான் பல நேரம் இதை முதலில் சொல்லும். அந்தப் பிள்ளையை “படிக்க மாட்டான், கராஜுக்கு அனுப்புங்க” என்று நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? கராஜ் குறைந்த இடம் அல்ல. ஆனால் அந்த வார்த்தையைக் குறைவாக நினைத்துத்தானே சொல்கிறோம்.

“இது வசதியானவனின் விளையாட்டு, இதுக்கு எதுக்கு இவ்வளவு எழுத்து” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் காரை வாங்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. எரிபொருள் செலவு, சத்தம், புகை எல்லாவற்றையும் பார்த்தால் வாங்காமல் இருப்பதே நல்லது என்று நினைக்கின்ற பெற்றோரோடு எங்களுக்கு வாதம் இல்லை. தொழுகை நேரத்திலும் அயலில் நோயாளி இருக்கும்போதும் இதை ஓட்டக் கூடாது என்பதையும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வந்துவிட்ட கார் வீட்டில் இருக்கிறது. அலுமாரிக்கு மேலே வைத்தாலும் பிள்ளை நாற்காலி போட்டு இறக்கும், நாம் இல்லாத நேரத்தில் 12 வோல்ட்டில் தட்டிப் பார்க்கும். மறைத்து வைப்பதை விட, பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துவது பாதுகாப்பு.

ஆகவே பெற்றோரிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் பிள்ளை இல்லாத கருவிக்கு மாற்று ஒன்றைச் செய்துகொண்டு வந்தால் ஏசாதீர்கள், உடனே கைதட்டவும் வேண்டாம். இரண்டு கேள்வி கேளுங்கள். “உண்மையான கருவி என்ன வேலை செய்யும், மகன்?” “அது யாரை எதிலிருந்து காப்பாற்றும்?” மகளிடமும் இதையே கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்தால் பக்கத்தில் நின்று ஸ்டார்ட் பண்ண விடுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தால், இரண்டாவதுக்குப் பதில் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கார் அதுவரை காத்திருக்கும்.